கலைச்சொல் தேவை: பெட்ரோலில் எத்தனால் தனியே பிரிந்து அடியில் தங்குவதற்கு

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். மாணவர் அறிவியல் இதழுக்காக ஒரு கேள்வி-பதிலைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நியூசிலாந்தில் சொந்தப் பயனுக்கு வீட்டிலேயே சாராயம் வடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அங்கே ஒருவர், குடிக்க ஆகாதென்று ஒதுக்கி வைத்த வடியலைக் காரின் பெட்ரோலில் ஊற்றலாமா என்று கேட்கிறார். கூடாது என்பது பதில். சாதாரண முறையில் எத்தனை தடவை வடித்தாலும் எத்தனால் எடையில் 95.6 விழுக்காட்டைத் தாண்டாது. வீட்டு வடியலில் தண்ணீர் இன்னும் மிகுதி. அந்தத் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தொட்டியின் அடியில் தங்கிவிடும். பம்பு உறிஞ்சுவது அங்கிருந்துதான். ஆங்கிலத்தில் இதை ஃபேஸ் செபரேஷன் என்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் சொல் வேண்டும்.

யாழ்ப்பாணம்:
புதிதாக ஆக்க ஏதுமில்லை. இலங்கைப் பாடநூல்களில் ஃபேஸ் என்பது அவத்தை. ஆகவே 'அவத்தைப் பிரிகை'. எளிய சொல்தான் வேண்டுமென்றால் 'படை பிரிதல்' என்று எழுதுங்கள். அடுக்கு என்ற பொருளில், ஓசோன் படை என்று நாங்கள் வழங்கும் அதே படை.

மதுரை:
ஐயா, 'படைப்பிரிவு' என்று எழுதினால் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ராணுவம்தான் நினைவுக்கு வரும். அவத்தையோ வடசொல், இங்கே அதற்குத் துன்பம் என்றே பொருள். நம்மிடம் 'தெள்' என்ற வேர் இருக்கும்போது இரவல் எதற்கு? தெள், தெளி, தெளிவு, தேறு, தேறல். தேறல் என்பதே தெளிந்த கள். கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் இந்த வேரில் வந்ததே; கலித்தொகையில் அதை வைத்து ஓர் உவமை இருக்கிறது. வீட்டு வடியல் பற்றிய கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. பெரும்பாணாற்றுப்படை 'இல் அடு கள் இன் தோப்பி' என்கிறது. வீட்டில் ஆக்கிய மதுவுக்கே சொல் வைத்திருந்த மொழி இது. என் பரிந்துரை 'தெளிபிரிவு'.

திருநெல்வேலி, வேதியியல் ஆசிரியை:
வேர் அழகானது, ஐயா. ஆனால் நிகழ்வு அதுவன்று. தெளிதல் என்றால் அழுக்கு அடியில் படிந்து மேலே நல்ல நீர் நிற்பது. இங்கே இரண்டு திரவம், எதுவும் அழுக்கில்லை. தீப்பொறி இல்லாத இடத்தில் அளவு ஜாடியில் தண்ணீர் 10 மில்லியும், எத்தனால் கலந்த பெட்ரோல் 90 மில்லியும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். முதலில் வெளுத்துக் கலங்கும். சற்று நேரத்தில் நடுவே ஒரு கோடு விழும். அடியில் இருக்கும் மட்டம் 10-ஐத் தாண்டி ஏறி நிற்கும். ஏறியது முழுவதும் எத்தனால். இந்த ஏற்றத்தைச் சொல் மறைக்கக் கூடாது. அதனால்தான் 'நீர் பிரிதல்' என்பதையும் ஏற்க மாட்டேன். 'அடுக்குப் பிரிதல்' போதும்.

கோயம்புத்தூர்:
எங்கள் பட்டறைகளில் 'பெட்ரோலில் தண்ணீர் இறங்கிவிட்டது' என்றுதான் சொல்வார்கள். அது ஏன் ஆகாது? 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று எல்லாப் பெட்ரோல் பங்க்குகளிலும் வந்துவிட்டது. மெக்கானிக்குக்குப் புரியாத கலைச்சொல் யாருக்கு?

திருநெல்வேலி:
இறங்குவது தண்ணீர் மட்டும் என்று நம்பியே பலர் மேலே மிஞ்சிய பெட்ரோலை நல்லதென்று நினைக்கிறார்கள். எத்தனால் போனதும் அதன் ஆக்டேன் அளவும், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனும், இறங்கிவிடுகிறது. 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 15 டிகிரியில் ஏறத்தாழ அரை விழுக்காடு தண்ணீரைத் தாங்கும். குளிர்ந்தால் அதுவும் குறையும். ஒரு லிட்டர் வீட்டு வடியலில் 60 விழுக்காடு எத்தனால் என்றால் மீதி ஏறக்குறைய எல்லாம் தண்ணீர். சேர்க்கும்போதே பிரிவினையையும் சேர்த்து ஊற்றுகிறோம்.

சென்னை:
நன்றி, அம்மா. இன்னொன்று: தண்ணீர் அறவே நீக்கிய எத்தனாலுக்கு 'எத்தனால் நீரிலி' சரியா? பிரேசிலில் பெட்ரோலில் கலப்பது அதைத்தான். தண்ணீர் உள்ளதை அங்கே தனி எரிபொருளாகவே விற்கிறார்கள். இரண்டையும் வேறுபடுத்த வேண்டும்.

திருநெல்வேலி:
வேண்டாம். நீரிலி பாடநூலில் வேறொரு சேர்மவகை. அசிட்டிக் நீரிலியை மாணவர் மேல்வகுப்பில் படிப்பார்கள். 'நீரற்ற எத்தனால்' என்றே எழுதுங்கள்.

யாழ்ப்பாணம்:
அடுக்கு என்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றம். அவத்தை என்பது கருத்து. பனித்துளிபோல் சிதறி நிற்கும்போதும் பிரிவு நடந்துவிட்டது, அடுக்கு இன்னும் இல்லை. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சென்னை:
உண்மைதான், ஐயா. ஆயினும் இதழுக்கு நேரமில்லை. நால்வர் 'அடுக்குப் பிரிதல்' என்று தனிமடலில் எழுதிவிட்டார்கள், அதையே வைக்கிறேன். அவத்தைப் பிரிகையை அடிக்குறிப்பில் தருகிறேன்.

மதுரை:
தெளிபிரிவும் அடிக்குறிப்பில் வரட்டும். தேறல் குறித்து விரிவாக நாளை எழுதுகிறேன்.