அம்மோனியா ரூம் டிடெக்டர்: எத்தனை பிபிஎம்மில் எது வேலை செய்யணும்?

கேள்வி:
ஐஸ் பிளான்ட் கம்ப்ரஸர் ரூமுக்கு டிடெக்டர் வாங்கியாச்சு. அலாரம், எக்ஸாஸ்ட் ஃபேன், கரன்ட் கட் மூன்றையும் 25 பிபிஎம்மிலேயே (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) வைக்கலாமா? சிஸ்டத்தில் சேரும் ஆயிலை டிரெயின் பண்ணும்போதெல்லாம் வாடை வருது.

பதில் 1:
வேண்டாம் சார். ஐஐஏஆர் 2 என்ற அம்மோனியா குளிரூட்டல் பாதுகாப்புத் தரநிலைப்படி அலாரம் 25, அவசர ஃபேன் 150, கரன்ட் கட் 40,000 பிபிஎம். அம்மோனியா தீப்பிடிப்பது காற்றில் சுமார் 15 முதல் 28 சதவீதம் கலந்தால்தான். 40,000 என்பது 4 சதவீதம், அதாவது தீப்பிடிக்கும் அளவுக்கு முன்பே கரன்ட் கட் ஆகிவிடும். 25-லேயே எல்லாம் அணைந்தால் ஃபேனும் நின்று, உள்ளே வாயு சேரும். ஃபேனுக்குத் தனி லைன் இழுத்து, சுவிட்சைக் கதவுக்கு வெளியே வையுங்க.

பதில் 2:
வாடைக்குக் காரணம் டிரெயின் முறைதான். ஆயில் பாட்டுக்கு (ஆயில் சேரும் கலன்) திரவம் வரும் லிக்விட் வால்வை மூடி, வாயு வெளியேறும் வென்ட் லைனை சக்‌ஷனுக்கு (கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்கம்) திறந்து, பாட் மேல் பனி முழுக்க உருகும்வரை காத்திருங்க. அவசரப்பட்டால் ஆயிலோடு திரவ அம்மோனியாவும் வரும். நுரைத்து, குழாய் வெள்ளையாகப் பனி பூக்கும். அப்படி ஆனால் டிரெயின் வால்வை உடனே மூடணும். ஆயில் துளிகள் கலந்த வாயு 15 சதவீதத்துக்குக் கீழேயே பற்றும்.

கேள்வி கேட்டவர்:
ஒரே ஒரு கை வால்வுதான் இருக்கு.

பதில் 2:
அதுதான் ஆபத்து! அந்தக் கை வால்வுக்கு அடுத்து, கையை எடுத்தால் தானே மூடும் ஸ்பிரிங் வால்வு போடுங்க. கொட்டிய திரவத்தில் தண்ணீர் பீச்சாதீங்க, கொதித்து வாயு பெருகும்.