பரோட்டிட் சுரப்பி: காதடியா, கன்னமா, கவுளா?

அன்புள்ள குழுவினருக்கு,

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்கு ஸ்கேன் எடுக்க வரும் யாங்கோன் தமிழர்களுக்காக ஒரு பக்க விளக்கத்தாள் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். காதருகே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியைக் குறிக்கும் 'பரோட்டிட்' என்ற சொல்லிலேயே நிற்கிறேன். இந்தக் கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அங்கேதான் வருகின்றன, பெரும்பாலும் புற்றல்லாதவை. ஆகவே பக்கம் முழுக்க இந்தச் சொல்தான்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் 'மேலண்ணச் சுரப்பி' என்று இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. அண்ணத்திலேயே, அதாவது வாயின் மேற்கூரையிலேயே, சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. அங்கே வரும் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது. 'கன்னச் சுரப்பி' சரியா?

மியன்மாவின் பெகு நகரிலிருந்து:

தம்பி, கர்ணன் கன்னன் ஆனதுபோலக் கர்ணமும் கன்னம் ஆயிற்று. அகராதியில் கன்னத்துக்குக் காது என்றும் பொருள் உண்டு. கிரேக்கச் சொல்லின் பொருளும் 'காதருகே' என்பதே. ஆனால் வடமொழி வழி நமக்கு எதற்கு? சங்கப் பாடல்களில் யானையின் மதநீர் கவுள் (கன்னம்) நனைய ஒழுகுகிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒரு சுரப்பி, அதிலிருந்து வழியும் நீர்! கவுள் + சுரப்பி = கவுட்சுரப்பி. இதைவிடப் பொருத்தம் ஏது?

மோல்மேனிலிருந்து:

ஐயா, யானையின் அந்தச் சுரப்பி வேறு, அதில் உமிழ்நீர் சுரக்காது. கவுள் என்றால் என் அம்மா வெற்றிலைக் கவுளி என்றே நினைப்பார். கன்னமும் வேண்டாம், தம்பி. வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கன்னம் என்றால் வெற்றிலையை அடக்கிக்கொள்ளும் உட்புறம். வாய்க்குள் விரலை விட்டுப் புண் தேடுவார்கள். பொன்னுக்கு வீங்கி வந்தால் எங்கே வீங்கும்? காதுக்கு முன்னால் தொடங்கி, காதுக்குக் கீழே தாடை மூலை வரை. 'காதடிச் சுரப்பி' என்று எழுதுங்கள், விரல் தானாக அங்கே போகும்.

யாங்கோன்:

சரி அக்கா, காதடியே இருக்கட்டும். ஆனால் சுரப்பியின் பகுதியை (lobe) குறிக்கும் 'மடல்' அதோடு சேராது. முகநரம்பு இந்தச் சுரப்பியை மேல், உள் என இரண்டாகப் பிரிக்கிறது. மேலே இருப்பது அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியும்; உள்ளே இருப்பதைத் தாடையெலும்பு மறைக்கும், அதற்குத்தான் எம்ஆர்ஐ. 'காதடிச் சுரப்பியின் உள்மடல்' என்று எழுதினால் காதுமடலைத் தொட்டுப் பார்ப்பார்கள். 'மேற்பகுதி, உட்பகுதி' என்று மாற்றிவிட்டேன். அல்ட்ராசவுண்டை மிகையொலி, கேளாஒலி என்று எதுவாகவும் மாற்றவில்லை. ஸ்கேன் அறைக் கதவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே தாளிலும்.

பெகு:

'அடி' என்றால் அடிப்பது என்றும் படிப்பார்களே? செவிமருங்கு என்றாவது வையுங்கள்.

யாங்கோன்:

ஐயா, மூவர் காதடிக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். முதல் வரியில் மட்டும் 'பொன்னுக்கு வீங்கியில் வீங்கும் இடம்' என்று சேர்த்திருக்கிறேன்.

பெகு:

அச்சுக்கு அது போகட்டும். நம் சொற்பட்டியலில் கவுட்சுரப்பியையும் பதிந்து வையுங்கள், என் கருத்து மாறவில்லை.