மறு: பனி விலகித் தெரிந்த தீவுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ஏழாம் வகுப்புத் துணைப்பாட ஏடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, பனியாறு பின்வாங்கியதால் வெளியே தெரிந்த தீவை எப்படி அழைப்பது என்று நாம் பேசிவரும் இந்த ஒரு சொல் மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. 2020 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவின் பைன் தீவு விரிகுடாவில் ஆய்வாளர்கள் கப்பலிலிருந்து கண்ட சிஃப் தீவைப் பற்றிய பத்தி அது. நீளம் சுமார் 350 மீட்டர்தான், மேலே கொஞ்சம் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் கிரானைட் பாறை.

நேற்று "பனிவிலகு தீவு" என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், கோடநாடு காட்சிமுனையில மூடுபனி விலகினா கீழே தெங்குமரஹாடா ஊர் தெரியுமே, அந்த மாதிரியா?" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. கோத்தகிரியில் பனி என்றால் மூடுபனி, இல்லாவிட்டால் ஜனவரிக் காலையில் புல்மேல் உப்புத் தூவினதுபோல் கிடந்து வெயில் ஏறினதும் போய்விடும் உறைபனி. நிலத்தை அழுத்தியபடி ஊர்ந்து நகரும் பனியாறு எங்கள் பிள்ளைகளின் "பனி"க்குள் இல்லை.

கொடைக்கானல் ஐயா சொன்ன "எழுதீவு" அழகுதான். சுடுகாடு போல வினைத்தொகை, ஒற்றும் மிகாது. ஆனால் 1963-இல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே எரிமலை வெடித்துக் கடலுக்கு மேலே வந்ததே சர்ட்சி, அதுவல்லவா எழுந்த தீவு? இங்கே நகர்ந்தது பனி. பனியின் பாரம் குறைந்தால் அடிநிலமும் மெல்ல உயரும் என்கிறீர்கள், உண்மைதான், சிஃப் வெளிப்பட்டதில் அதற்கும் பங்கு இருக்கலாம். இருந்தாலும் பெயரைக் கேட்டதும் பனி பின்வாங்கியது பிள்ளைக்குத் தெரியவேண்டாமா?

குன்னூர் அக்காவின் "பனித்துருத்தி"யை இரண்டு நாள் யோசித்தேன். துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றின் நடுவே இருக்கும் திட்டு, குத்தாலத்துக்குத் திருத்துருத்தி என்று தேவாரப் பெயர், எல்லாம் சரி. பிள்ளைகளுக்குத் துருத்தி என்றால் கொல்லன் பட்டறையில் காற்று ஊதுவதுதான். அப்புறம், தீவு வடசொல்லா, "தீர்"இலிருந்து வந்த தமிழா என்ற பேச்சு பதினேழு மடல் ஓடிவிட்டது. இராமேஸ்வரம் தீவு என்று படிக்கிற பிள்ளையிடம் போய் அந்தச் சொல்லை மாற்றமாட்டேன்.

என் முடிவு "உறைநீங்கு தீவு". உறைந்ததும் உறை, மூடியிருப்பதும் உறை, இரண்டும் நீங்கித் தெரிந்தது. உறைவிடம் நினைவுக்கு வரும் என்று இருவர் மறுத்திருக்கிறார்கள்; அருகில் படம் இருக்கும், குழப்பம் வராது.

பெரும்பாலானோர் எழுதீவுக்குத்தான் கை தூக்கியிருக்கிறீர்கள். ஐயா, அதை அடிக்குறிப்பில் போட்டுவிடுகிறேன், ஆனால் சர்ட்சிக்கான சொல்லாக.