ஜனவரியில் சேர்கிறார்கள், ஏப்ரலில் ஆளைக் காணோம்: டென்னிஸ் கிளப்பில் புது உறுப்பினர்களை எப்படித் தக்கவைப்பது?

மாலைநேரச் செயலாளர்:

வணக்கம். ஒரு சின்ன டென்னிஸ் கிளப்புக்கு இரண்டு வருடமாக நான்தான் செயலாளர். மூன்று கோர்ட், எழுபது சொச்சம் உறுப்பினர்கள், செயற்குழுவில் ஐந்து பேர், எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டே இதையும் பார்ப்பவர்கள். சந்தா எங்களுக்கு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை.

புத்தாண்டு பிறந்தால் கிளப்பில் கூட்டம் சேரும். இந்த வருடமாவது உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று வருபவர்கள் பாதி, ஆஸ்திரேலிய ஓப்பன் ஜனவரியில் நடப்பதால் டிவியில் பார்த்துவிட்டு ஆசையோடு வருபவர்கள் பாதி. போன ஜனவரியில் 22 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஏப்ரலில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அதில் 7 பேர்தான் வாரம் ஒரு முறையாவது வந்திருக்கிறார்கள். மீதிப் பேர் ஆளே காணோம். "பணம் கட்டிவிட்டார்கள், வராவிட்டால் நமக்கென்ன" என்று குழுவில் ஒருவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆசைப்பட்டு வந்தவர்கள், ராக்கெட் வாங்கி, ஷூ வாங்கி வந்தவர்கள், மூன்று மாதத்தில் போய்விட்டார்கள் என்றால் தவறு எங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும்.

இந்த முறை முன்கூட்டியே திட்டமிட நினைக்கிறோம். டிசம்பருக்குள் கட்டினால் தள்ளுபடி, ஜனவரி முதல் ஞாயிறு எல்லோருக்கும் திறந்த நாள், கோச் நடத்தும் ஓர் இலவச வகுப்பு, இவ்வளவுதான் இதுவரை கையில் இருக்கிறது. முழு வருடச் சந்தா மட்டும் வைப்பதா, மூன்று மாதச் சந்தாவும் வைக்கலாமா? மாலை 6 முதல் 8 வரை கோர்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு, அதில் புதியவர்களை எங்கே நுழைப்பது? உங்கள் கிளப்பில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

பேஸ்லைன்வாசி:

நான் அப்படி விட்டுப்போனவள்தான், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் ஒரு கிளப்பில் முழு வருடச் சந்தா கட்டிச் சேர்ந்தேன். ரசீது கொடுத்தார்கள், வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள், கேட்டுக்கு எண் சொன்னார்கள், அவ்வளவுதான். முதல் நாள் போனேன், மூன்று கோர்ட்டிலும் டபுள்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இரண்டாவது நாளும் அதேதான். குழுவில் "யாராவது நாளைக்கு ஆட வர முடியுமா, நான் புதுசு" என்று போட்டேன், கட்டைவிரல் மட்டும் இரண்டு வந்தது. அந்த ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, அவரவருக்கு ஏற்கெனவே நான்கு பேர் செட் சேர்ந்திருந்தது, என்னை யாருடன் சேர்ப்பது என்று யோசிப்பது யாருடைய வேலையாகவும் இல்லை. நான்காவது வாரத்துக்கு மேல் போகவில்லை.

இப்போது வேறொரு கிளப்பில் மூன்றாவது வருடம். அங்கே சனிக்கிழமை காலையில் இரண்டு கோர்ட்டைக் கலந்து ஆடுவதற்கென்றே ஒதுக்கிவிடுகிறார்கள். ஜோடி தேடிக்கொண்டு வர வேண்டியதில்லை, ராக்கெட்டோடு வந்தால் போதும். எட்டுப் பேர் இருந்தால் ஏழு சுற்று. ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒரு முறை ஜோடியாகவும், இரண்டு முறை எதிராகவும் ஆடும்படி ஓர் அட்டவணை இருக்கிறது, அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு 15 நிமிடம், விசில் அடித்தால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு இடம் மாற வேண்டும். முதல் சனிக்கிழமை முடியும்போது எனக்கு ஏழு பேரின் பெயர் தெரிந்திருந்தது, அதில் ஒருவர் "செவ்வாய் சாயங்காலம் வருவீங்களா" என்று கேட்டார். நான் அந்தக் கிளப்பில் தங்கியது அந்த ஒரு கேள்வியால்தான்.

தள்ளுபடியெல்லாம் இருக்கட்டும். சேர்ந்த முதல் வாரத்தில் அந்த ஆளோடு யார் ஆடப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இருபது வருட உறுப்பினர்:

மூத்த உறுப்பினர்கள் பக்கமும் யாராவது பேச வேண்டும் இல்லையா. வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கிடைப்பது. அதில் பந்தை நெட்டுக்கு மேல் தூக்கத் தடுமாறும் ஒருவரோடு ஆடச் சொன்னால் அவருக்கும் சுகமில்லை, எனக்கும் சுகமில்லை. இது கர்வம் இல்லை, டென்னிஸின் தன்மையே அப்படி. இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக இருந்தால்தான் ரேலி, அதாவது பந்து விடாமல் மாறி மாறிப் போய்வருவது என்ற ஒன்று நடக்கும்.

ஆனால் மேலே அந்தச் சகோதரி எழுதியதைப் படித்ததும் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து எழுந்துபோன சில முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அதனால் எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். கூட்ட நேரத்தில் முழு செட் ஆடுவதை நிறுத்துங்கள். 40-40 வந்தால் அட்வான்டேஜ் (அடுத்தடுத்து இரண்டு பாயின்ட் எடுத்தால்தான் கேம் என்ற முறை) வேண்டாம், ஒரே பாயின்ட்டில் கேமை முடியுங்கள். செட் ஆறு கேமுக்குப் பதில் நான்கு கேம், மூன்றாவது செட் வந்தால் அதற்குப் பதில் 10 பாயின்ட் டைபிரேக், அதாவது கேம் கணக்கில்லாமல் 10 பாயின்ட் வரை ஆடி முடிப்பது. ஆண்கள் தொழில்முறை டென்னிஸான ஏடிபி டபுள்ஸ் போட்டிகளிலேயே அட்வான்டேஜ் இல்லாமல்தான் ஆடுகிறார்கள், கடைசி செட்டுக்குப் பதில் 10 பாயின்ட் டைபிரேக்தான், நமக்கென்ன குறைச்சல். இப்படி ஆடினால் கோர்ட் சீக்கிரம் கைமாறும், பெஞ்சில் இருப்பவருக்கும் இடம் வரும்.

இன்னொன்று, புதிதாக வருபவர்களுக்குக் கோர்ட் பழக்கவழக்கங்களை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். பாயின்ட் நடக்கும்போது பின்னால் குறுக்கே போகக் கூடாது. பக்கத்து கோர்ட் பந்து வந்தால் ஆட்டம் நின்றதும் உருட்டிக் கொடுக்க வேண்டும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கத்தில் விழும் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அவரவர்தான் சொல்ல வேண்டும், சந்தேகமாக இருந்தால் பந்து உள்ளே விழுந்ததாகத்தான் கணக்கு. இது தெரியாமல் வருபவரிடம் யாராவது சுள்ளென்று பேசிவிடுகிறார்கள், அவர் மறுநாள் வருவதில்லை. இதை நானே செய்திருக்கிறேன், இப்போது வருத்தப்படுகிறேன்.

பச்சைப் பந்து:

நான் கோச். செயலாளர் எழுதியதில் "ஓர் இலவச வகுப்பு" என்று படித்தேன், ஒரு வகுப்பால் ஒன்றும் ஆகாது, ஆறு வாரம் வேண்டும். அதுவும் வழக்கமான மஞ்சள் பந்தோடு ஆரம்பிக்காதீர்கள்.

பலருக்கு வேகம் குறைந்த பந்துகள் குழந்தைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் இருக்கிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007-ல் தொடங்கிய இயக்கமே, முதல் வகுப்பிலேயே சர்வீஸ் போட்டு, ரேலி ஆடி, பாயின்ட் எண்ண வைக்க வேண்டும் என்பதற்காகத்தான், பெரியவர்களும் அதில் சேர்த்திதான். சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட சுமார் 75 சதவீதம் மெதுவாக வரும், ஆரஞ்சு 50, பச்சை 25. பெரியவர்களிடம் சிவப்பைக் கொடுத்தால் சிலர் கூச்சப்படுவார்கள், அதனால் நான் ஆரஞ்சில் தொடங்கி, நெட்டை ஒட்டிய சர்வீஸ் கட்டத்துக்குள்ளேயே ஆட விட்டு, இரண்டாவது வாரம் பச்சைக்குக் கொண்டுபோவேன். முழு கோர்ட் 23.77 மீட்டர் நீளம், புதியவரை முதல் நாளே அதன் கடைசிக் கோட்டில் நிறுத்தி மஞ்சள் பந்தை அடிக்கச் சொன்னால் அவர் ஆடுவதைவிடப் பந்து பொறுக்குவதுதான் அதிகம். ஆரஞ்சில் பத்து ரேலி தொடர்ந்து போனவுடன் அந்த முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் முழங்கை. ஜனவரி ஆர்வத்தில் தினமும் வந்து இரண்டு மணி நேரம் அடிப்பார்கள், மூன்றாவது வாரம் முழங்கை வெளிப்புறம் வலிக்கும், பிப்ரவரியோடு சரி. விசாரித்தால் யாரிடமோ வாங்கிய பழைய ராக்கெட், அதில் விறைப்பான பாலியஸ்டர் நரம்பு, இழுத்துக் கட்டியது. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் இடைவெளி விடச் சொல்லுங்கள். கிளப்பில் மென்மையான நரம்பு கட்டிய நான்கைந்து ராக்கெட் இரவலுக்கு வைத்திருங்கள், புதியவர் அவசரப்பட்டு எதையும் வாங்காமல் இருப்பார்.

கணக்குப்பிள்ளை:

இன்னொரு கிளப்பில் பொருளாளராக இருக்கிறேன், சந்தா பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிசம்பர் தள்ளுபடியை நாங்கள் இரண்டு வருடம் கொடுத்தோம். அதை வாங்கியவர்கள் எல்லோரும் எப்படியும் புதுப்பிக்கப் போகிறவர்கள்தான். வருமானம் குறைந்ததுதான் மிச்சம், புதிதாக ஒருவர்கூட அதனால் நிற்கவில்லை. அதை விட்டுவிட்டு மூன்று மாத அறிமுகச் சந்தா கொண்டுவந்தோம், மூன்று மாதம் முடிந்து தொடர்ந்தால் கட்டிய தொகையை ஆண்டுச் சந்தாவில் கழித்துக்கொள்கிறோம். இதில் எங்களுக்கு ஒரு நல்லது நடந்தது. மூன்றாவது மாதம் அந்த ஆள் தங்குவாரா மாட்டாரா என்று எங்களுக்கே கவலை வர ஆரம்பித்தது, அதனால் இரண்டு வாரம் வராதவருக்கு குழுவில் ஒருவர் போன் செய்து கேட்கிறோம். மெசேஜ் இல்லை, போன். "கால் பிசகிக்கொண்டது", "ஆள் கிடைக்கவில்லை", "நேரம் ஒத்துவரவில்லை" என்று காரணம் அப்போதுதான் வெளியே வருகிறது, பாதியைச் சரிசெய்துவிடலாம்.

ஜனவரி முதல் டிசம்பர் என்று எல்லோருக்கும் ஒரே வருடம் வைப்பதும் யோசிக்க வேண்டியது. செப்டம்பரில் வருபவர் முழுச் சந்தா கட்டுவாரா? "ஜனவரியில் வருகிறேன்" என்று போய்விடுவார், வரமாட்டார். சேரும் மாதத்திலிருந்து கணக்கு வைத்துப் பாருங்கள். கணக்கு எழுத எனக்குக் கொஞ்சம் வேலை கூடியது, பரவாயில்லை, வருடம் முழுக்க இரண்டு மூன்று பேராக வந்தார்கள், அவர்களைக் கவனிக்கவும் முடிந்தது. ஒரே மாதத்தில் 22 பேரை எந்தச் சின்னக் கிளப்பாலும் கவனிக்க முடியாது.

வராதவர்கள் கட்டும் பணத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். அவர்கள் அடுத்த வருடம் கட்ட மாட்டார்கள், கோர்ட்டுக்கு மேற்பூச்சு போடும் வருடத்தில் கைபிசைய வேண்டியிருக்கும்.

காலைநடை:

ஒரு சின்னத் தகவல். கோபன்ஹேகனில் பல வருடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது, உடற்பயிற்சியே இல்லாதவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்களின் சராசரி ஆயுள் 9.7 வருடம் அதிகம், பாட்மின்டனுக்கு 6.2, மெது ஓட்டத்துக்கு 3.2 என்று கணக்கு. டென்னிஸ்தான் அந்த ஆயுளைக் கொடுத்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் ஆட்களோடு சேர்ந்து ஆடும் விளையாட்டுகளே மேலே இருந்ததை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். சுவரில் ஒட்டுவதாக இருந்தால் அந்தக் கணக்கையும் இந்த எச்சரிக்கையையும் சேர்த்து ஒட்டுங்கள்.

மாலைநேரச் செயலாளர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று குழுவில் இதை அப்படியே படித்துக் காட்டினேன். தள்ளுபடியை எடுத்துவிட்டோம். மூன்று மாதச் சந்தா வருகிறது, சனிக்கிழமை காலை 7 முதல் 9 வரை இரண்டு கோர்ட் கலந்து ஆடுவதற்கு, புதியவர்களுக்கு ஆறு வார வகுப்பு. புதியவர் ஒருவருக்கு பழைய உறுப்பினர் ஒருவர் என்று பொறுப்புக் கொடுக்கிறோம், முதல் மாதத்தில் இரண்டு முறையாவது அவரோடு ஆட வேண்டும், ஒன்பது பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். "பணம் கட்டிவிட்டார்கள், நமக்கென்ன" என்று சொன்னவரும் அதில் ஒருவர்.

பேஸ்லைன்வாசி, ஒரு சந்தேகம். எட்டுப் பேர் சரியாக வராமல் ஐந்து, ஒன்பது என்று வந்தால் என்ன செய்வீர்கள்?

பேஸ்லைன்வாசி:

ஐந்து பேர் என்றால் ஒரு கோர்ட், ஐந்து சுற்று. சுற்றுக்கு ஒருவர் வெளியே, எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஜோடி சேர்ந்துவிடலாம். ஒன்பது பேர் என்றால் இரண்டு கோர்ட், ஒன்பது சுற்று, அதிலும் சுற்றுக்கு ஒருவர்தான் வெளியே, ஆனால் உங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய சுற்றை 12 நிமிடமாகக் குறைக்க வேண்டும். வெளியே இருப்பவர் கையில் விசிலைக் கொடுத்துவிடுங்கள், நேரம் பார்ப்பது அவர் வேலை. ஆறு, ஏழு என்று வந்தால்தான் கொஞ்சம் சிரமம், அதற்காக எங்களில் இருவர் எப்போதும் ஷூ போட்டுத் தயாராக இருப்போம், ஆள் குறைந்தால் உள்ளே இறங்குவோம். அட்டவணை படத்தை இன்று மாலை இங்கேயே போடுகிறேன்.