முழுத்திரையா, நிறைதிரையா: நாளைக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் விளையாட்டுகளை இன்றைய கணினியில் இயக்கும் ஓர் எமுலேட்டரின் (பழைய கணினிபோலவே நடந்துகொள்ளும் மென்பொருளின்) அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கி வருகிறேன். நாளை மாலைக்குள் சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) ஒப்படைக்க வேண்டும். ஒன்று மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது.

ஆல்ட், எண்டர் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மற்றச் சாளரங்கள் மறைந்து விளையாட்டு மட்டும் நிற்பதை ‘முழுத்திரை’ என்று எழுதிவிட்டேன். அடுத்த வரியில், படம் நான்கு ஓரங்களையும் தொடும்படி இழுத்துவிடும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதற்கும் முழுத்திரை என்றே வாயில் வருகிறது. சோதித்தவர்களில் இருவர், ‘முழுத்திரையை இயக்கியும் இருபுறமும் கறுப்புப் பட்டை விழுகிறது, மொழிபெயர்ப்பில் பிழை’ என்று எழுதிவிட்டார்கள்.

பட்டை விழுவதுதான் சரி. 320×200 புள்ளிகளில் வரைந்த படம் அக்காலத்து 4:3 குழல்திரையை நிரப்பியது. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைப்போல் 1.2 மடங்கு உயரமாகத் தெரிந்தது. அந்த விகிதத்தைக் காத்தால் 1920×1080 திரையில் படம் 1440×1080 அளவில்தான் அமையும், பக்கத்துக்கு 240 புள்ளிகள் வெறுமையாக இருக்கும். பட்டையை ஒழிக்கிறேன் என்று இழுத்தால், விளையாட்டில் வரும் முழுநிலா கிடத்திவைத்த முட்டையாகிவிடுகிறது. இரண்டு செயலுக்கும் இரண்டு சொல் தேவை.

---

> இரண்டு செயலுக்கும் இரண்டு சொல் தேவை.

நிறைதிரை. நிறைகுடம்போல வினைத்தொகை, நிறைந்த, நிறைகின்ற, நிறையும் என முக்காலமும் அடங்கும், பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் பொருந்தும். முழுத்திரை பண்புத்தொகை ஆதலால் அங்கே வல்லினம் மிகும், இங்கே மிகாது. தயவுசெய்து எவரும் ‘நிறைத்திரை’ என்று திருத்த வேண்டாம்.

---

இலக்கணம் சரிதான் ஐயா. ஆனால் விளையாட வந்தவர் முழுவுக்கும் நிறைக்கும் வேறுபாடு கண்டுபிடித்துக்கொண்டிருப்பாரா? தவிரவும், திரை என்றால் அலை. நிறைதிரை என்றதும் என் காதில் கடல்தான் இரைகிறது.

மூலத்தில் எத்தனை சொல் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். டாஸ்பாக்ஸ் என்னும் டாஸ் எமுலேட்டரின் அமைப்புக் கோப்பில் ஃபுல்ஸ்கிரீன், ஃபுல்ரெசல்யூஷன், அவுட்புட், ஆஸ்பெக்ட் என்று தனித்தனி வரிகள் உண்டு. முதலாவது திரையைப் பிடித்துக்கொள்வது. இரண்டாவது எந்தப் புள்ளியளவில் என்பது. மூன்றாவது படத்தைத் தீட்டும் முறை. நான்காவது விகிதத் திருத்தம். இரண்டாவதில் டெஸ்க்டாப் என்றும் மூன்றாவதில் சர்ஃபேஸ் என்றும் வைத்தவருக்குத் திரை முழுவதும் கறுப்பாகி, நடுவே அஞ்சல்தலைபோலப் படம் நிற்கும். அதுவும் முழுத்திரைதான்! மூன்றாவதை ஓப்பன்ஜிஎல் என்று மாற்றினால் படம் விரியும். இந்த நிலைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

சிறு சொல்லுக்கு மன்றாடும் நாம் பெரிய சொல்லை அப்படியே விட்டுவிட்டோமே! எமுலேட்டரைச் சிலர் போன்மி என்கிறார்கள். தொல்காப்பிய உவமவியல் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காக்கி, ஒவ்வொன்றுக்கும் எட்டு உருபுகளைப் பகுத்துக் கொடுக்கிறது. ‘போல’ என்பது உருவுவமத்துக்கு உரியது. எமுலேட்டரோ பழைய கணினியின் உருவையா போலச் செய்கிறது? அதன் வினையை அல்லவா செய்துகாட்டுகிறது! ஆகவே வினையுவம உருபுகளிலிருந்தே பெயர் பிறக்க வேண்டும். ‘மான’ என்பதிலிருந்து மானி என்று ஆக்கலாம். வெப்பமானி அதைக் கைப்பற்றிவிட்டது. எஞ்சுவது ‘உறழ’. உறழி என்பதே என் பரிந்துரை. (‘ஏய்ப்ப’ மெய்யுவமத்தைச் சேர்ந்தது, ஏய்ப்பி என்று வைத்தால் பயனர் காவல் நிலையத்துக்குப் போவார்.)

---

உறழி அழகான சொல். ஆனால் உருபுகளை அப்படி வரையறுத்தது இலக்கியத்திலேயே கண்டிப்பாகப் பின்பற்றப்படவில்லை. சங்கப் பாடல்களில் ‘போல’ எல்லா வகைக்கும் வருகிறது. கணினிக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

---

தொடங்கியவன் மீண்டும் எழுதுகிறேன். ஒப்படைக்க ஐந்து மணி நேரம் இருக்கிறது.

எமுலேட்டர் எமுலேட்டராகவே நிற்கட்டும்; தேடுபவர் அந்தச் சொல்லைத்தான் தட்டச்சு செய்கிறார். சாளரங்களை மறைப்பது ‘முழுத்திரை’. இழுப்பதற்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று மூவர் தனிமடலில் எழுதினார்கள், எனக்கும் அதுவே படுகிறது: ‘திரை நிரம்ப நீட்டு’. அதற்கு எதிரான தேர்வு ‘விகிதம் காத்து நிரப்பு’. அஞ்சல்தலை நிலைக்கு ‘நீட்டாதே’. இன்னொரு தேர்வு, புள்ளிகளை முழுவெண் மடங்கில் மட்டும் பெருக்குவது. அகலத்தை ஐந்தாலும் உயரத்தை ஆறாலும் பெருக்கினால் 1600×1200 வந்து, 4:3 விகிதம் கச்சிதமாக அமைகிறது. இதை ‘முழு மடங்கில் பெருக்கு’ என்று எழுதியிருக்கிறேன். இங்கும் ஒரு முழு வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

> இழுப்பதற்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம்

பொத்தானில் ஏவல் சரி. உதவிப் பக்கத்தில், ‘இந்நிலையில் விளையாட்டு மந்தமாகலாம்’ என்று எழுதும்போது எந்நிலை என்று எழுதுவீர்கள்? ‘திரை நிரம்ப நீட்டிய நிலை’ என்று ஒவ்வொரு முறையும் நான்கு சொல்லா? அங்கே நிறைதிரை தேவைப்படும். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

---

உதவிப் பக்கத்தின் கெடு அடுத்த வாரம்.