கணவர் காலமாகிவிட்டார், மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு நிலுவையில் இருக்கிறது

ஸ்ரீரங்கத்துக்காரி (நவம்பர் 2025):

என் கணவர் 2024 ஜூன் 12 அன்று மாரடைப்பில் போய்விட்டார். வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்தவர். கணக்குவழக்கெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சென்ற மாதம் பரணிலிருந்து முறுக்கு டப்பா ஒன்றை இறக்கினேன். உள்ளே பில்களை ஆண்டுவாரியாகச் சுருட்டி இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறார். பணம் வந்ததற்குச் சிவப்பு டேப், வராததற்குக் கறுப்பு.

வரிக் கணக்கு 2021–22 நிதியாண்டு வரைதான் தாக்கலாகியிருக்கிறது. 2022–23இல் மணப்பாறைப் பக்கம் ஒரு மனையை விற்றார், அதற்கு வரி கட்டவில்லை. 2023–24இல் காண்ட்ராக்ட் வரவு மட்டும், சுமார் 18 லட்சம். அதில் கம்பெனிகள் 1 சதவீதம் பிடித்தம் செய்திருக்கின்றன. அதற்கப்புறம் அவர் இருந்தது இரண்டரை மாதம்.

மளிகைக் கடையில்கூடக் கடன் சொல்லாதவர். அரசாங்கத்துக்குப் பாக்கி வைத்தவர் என்று அவர் பெயர் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. மகள், "அப்பாவின் பாஸ்வேர்டு தெரியும், ஓடிபி அவர் போனுக்குத்தான் வருகிறது, அப்படியே தாக்கல் செய்துவிடலாம்" என்கிறாள். செய்யலாமா? என் தாய்வீட்டு நகையை விற்றுக் கட்ட வேண்டி வருமா?

கரூர் கணக்கர்:

பாஸ்வேர்டு வழி வேண்டாம் அம்மா. இறந்தவர் தாமே உறுதிமொழி கொடுத்ததாக ஆகிவிடும். உங்கள் பான் எண்ணில் வருமான வரித் தளத்துக்குள் நுழைந்து, அவருடைய சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவுசெய்யுங்கள். இறப்புச் சான்றிதழ், இருவர் பான் அட்டை, வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லையென்றால் இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். பதிவு ஏற்கப்பட்டதும், கெடு தாண்டிவிட்ட 2022–23, 2023–24 இரண்டு ஆண்டுகளுக்கும் புதுப்பித்த கணக்கு (கெடு முடிந்த பிறகு கொடுக்கும் கணக்கு) தாக்கல் செய்யலாம்.

ஓய்வுபெற்ற வரி ஆலோசகர்:

நண்பர் சொன்னதில் ஒரு திருத்தம். புதுப்பித்த கணக்கு வரி கட்டுவதற்கான வழி. பிடித்த வரியைத் திரும்பக் கேட்க அது உதவாது. ஆகவே மனை விற்ற 2022–23க்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 60,000 வந்தால் அதன்மேல் 30,000. 2026 மார்ச் 31 தாண்டினால் அது 60 சதவீதமாகிவிடும். தாமதக் கட்டணம் தனி. மனை வாங்கிய பத்திரத்தைத் தேடி எடுங்கள். வாங்கிய விலை தெரியாமல் லாபத்தைக் கணக்கிட முடியாது.

2023–24இல் வரவு முழுவதும் வங்கி வழியாக வந்திருந்தால், சிறு தொழிலுக்கான முறையில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். 18 லட்சத்துக்கு 1,08,000 ரூபாய், வரி வரம்புக்குள்ளேயே நிற்கிறது. பிடித்த 18,000 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். காலக்கெடு முடிந்துவிட்டதால் முதலில் தாமதத்தைப் பொறுக்கும்படி தளத்திலேயே விண்ணப்பியுங்கள். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது நிதியாண்டுக்கு அடுத்து வரும் ஆண்டு, முடிந்ததிலிருந்து ஐந்தாண்டு வரை அதற்கு இடமிருக்கிறது. அவசரமானது 2024–25தான். ஏப்ரல் 1 முதல் ஜூன் 12 வரையிலான வருமானத்தை அவர் பான் எண்ணில் டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

நகையைப் பற்றிக் கலங்காதீர்கள். அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு. உங்கள் சொந்த நகை அதில் வராது. ஆனால் இந்த நிலுவை தீரும்வரை அவர் பெயரில் உள்ள எதையும் விற்காதீர்கள். விற்றால் அந்த அளவுக்கு நீங்களே நேரடிப் பொறுப்பாகிவிடுவீர்கள்.

தஞ்சை தேவி:

அக்கா, அவர் பெயரில் வைப்புநிதி இருந்தால் வங்கிக்கும் இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிடுங்கள். ஜூன் 12க்குப் பிந்தைய வட்டி வாரிசுகளின் வருமானம். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் தெரிவிக்காமல் விட்டதால், ஒரு வருடம் முழுக்க அவர் பான் எண்ணிலேயே வரி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னதும் டப்பாவை மறுபடி கொட்டிப் பார்த்தேன். பத்திரத்தின் நகல் அடியில் இருக்கிறது, எந்த டேப்பும் ஒட்டாமல். மேல் ஓரத்தில் பென்சிலால் "இதற்கு வரி கட்டணும்" என்று எழுதியிருக்கிறார். வாரிசுச் சான்றிதழ் சென்ற ஆண்டே வாங்கியாயிற்று. நாளை காலை மகளும் நானும் பதிவுசெய்ய உட்காருகிறோம்.