மதியம் ஆனால் காற்றே வருவதில்லை: கேஸ் இரண்டு முறை ஏற்றியும் டக்ட் ஏசியில் பனி பிடிக்கிறது

மாடியறை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு முழுவதற்கும் ஒரே டக்ட் ஏசி, அதாவது ஒரே மெஷினிலிருந்து பெரிய குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் காற்று போகும். 3 டன், போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. உள் யூனிட் பரணில் இருக்கிறது, வெளி யூனிட் வீட்டுக்குப் பின்னால். காலையில் போட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. பதினொரு மணிக்கு மேல் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். இரண்டு மணிக்குக் கிரில்லில் கையை வைத்தால் யாரோ மூச்சு விடுகிற அளவுக்குத்தான் வருகிறது. ஆனால் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது. இரவு அணைத்துவிட்டு மறுநாள் காலையில் போட்டால் மறுபடி நன்றாக ஓடும்.

நேற்று டார்ச்சோடு பரணில் ஏறிப் பார்த்தேன். கறுப்பு ஸ்பாஞ்சு சுற்றிய தடித்த செம்புக் குழாயில், ஸ்பாஞ்சு விட்டுப்போன இடத்திலெல்லாம் வெள்ளையாகப் பனி. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது.

போன கோடையில் ஒரு முறை, இந்த வருடம் ஒரு முறை கேஸ் ஏற்றியாகிவிட்டது. இரண்டு முறையும் மெக்கானிக் மதியம்தான் வந்தார். மீட்டரை மாட்டி, பிரஷர் கம்மி என்றார். ஏற்றினால் நாலைந்து நாள் தாங்கும், பிறகு பழைய கதை. இப்போது மூன்றாவது முறை ஏற்றலாம், அதற்கும் சரியாகாவிட்டால் கம்ப்ரஸரை மாற்ற வேண்டும் என்கிறார்.

நானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் காலை ஒன்பது மணிக்கு ரிட்டர்ன் கிரில்லில் (அறைக் காற்று மெஷினுக்குத் திரும்பும் இடம்) 27 டிகிரி, சப்ளையில் (குளிர்காற்று அறைக்குள் வரும் இடம்) 12. இது நல்ல கூலிங்தானே? ஃபில்டரை மாதாமாதம் மாற்றுகிறேன். ஆளில்லாத இரண்டு அறைகளின் கிரில்லை மூடி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்தான் ஆகிறது. மேல் அறையில் படுத்திருக்கிறார், மதியம் ஆனால் வியர்த்துக் கொட்டுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பின்கட்டு:
எங்கள் வீட்டிலும் மதிய வெயிலில்தான் தகராறு. வெளி யூனிட்டில் மோட்டார் ஓட உதவும் கபாசிட்டரின் தலை உப்பிப்போயிருந்தது. அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

ரெஞ்சுக்காரர்:
பின்கட்டு, கபாசிட்டர் போனால் வெளி ஃபேனோ கம்ப்ரஸரோ ஓடாமல் உறுமிக்கொண்டு நிற்கும். இவர் வீட்டில் பனி பிடிக்கிறது என்றால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாடியறை, தயவுசெய்து அந்த மூடியைத் திறக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகும் கபாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது 27-ம் 12-ம்தான். 15 டிகிரி வித்தியாசம் நல்ல கூலிங் இல்லை, கோளாறு. நல்ல மெஷினில் 8 முதல் 12 வரை இருக்கும். கேஸ் குறைந்தால் இந்த வித்தியாசம் சுருங்கும். உங்களுக்கோ விரிந்திருக்கிறது. காயில் (coil, உள் யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் குழாயும் தகடுகளும்) வழியாகப் போகிற காற்று கொஞ்சமாக இருந்து, அது மெதுவாகப் போகும்போதுதான் இவ்வளவு குளிரும். 3 டன்னுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1200 கன அடி காற்று ஓட வேண்டும்.

காற்று குறைந்தால் காயிலுக்குப் போதுமான சூடு கிடைக்காது. காயில் 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அதில் வழிய வேண்டிய தண்ணீர் அங்கேயே உறையும். உறைந்தது தகடுகளின் இடைவெளியை அடைக்க, காற்று இன்னும் குறையும். அதனால்தான் காலையில் நன்றாக ஓடி மதியம் திணறுகிறது. இரவில் உருகிவிடுவதால் மறுநாள் புதிதுபோல் தொடங்குகிறது. பனி பிடித்த நேரத்தில் மீட்டரை மாட்டினால் பிரஷர் குறைவாகத்தான் காட்டும், கேஸ் முழுதாக இருந்தாலும்கூட. அதைப் பார்த்துக் கேஸ் ஏற்றுவது நம் தொழிலில் நிறையப் பேர் செய்கிற தப்பு. கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகிற சரக்கு அல்ல. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். அந்த ஓட்டையை அவர் தேடினாரா?

இப்போதே தெர்மோஸ்டாட்டில் ‘கூல்’ மோடை அணைத்து, ஃபேனை மட்டும் ‘ஆன்’ல் போடுங்கள். முழுதாக உருக ஐந்தாறு மணி நேரம் பிடிக்கலாம், சில சமயம் ஒரு நாளே ஆகும். பனியைக் கத்தியால் சுரண்ட வேண்டாம், காயில் ஓட்டையாகிவிடும். பரணில் தண்ணீர் வழிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். மூடிய இரண்டு கிரில்லையும் திறந்துவிடுங்கள். அந்த அறைகளுக்குப் போக வேண்டிய காற்றை மறித்தால் காயில் மேல் ஓடுகிற காற்றும் குறையும். உருகிய பிறகு மெயினை அணைத்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, அந்த வழியாகப் போனை உள்ளே நீட்டி, காற்று நுழைகிற பக்கத்திலிருந்து காயிலைப் படம் எடுத்துப் போடுங்கள். வெளியே தெரிகிற பக்கம் பளபளவென்று இருந்தாலும் ஏமாறாதீர்கள்.

மாடியறை:
ஐயா, படத்தை இணைத்திருக்கிறேன். எனக்கே நம்ப முடியவில்லை. காயில் தகடு ஒன்றுகூடத் தெரியவில்லை, சாம்பல் நிறக் கம்பளியைப் போர்த்தியதுபோல் இருக்கிறது. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணிபோல உரிந்து வருகிறது. மாதம் தவறாமல் ஃபில்டர் மாற்றியும் எப்படி இவ்வளவு தூசி என்று தேடினேன். ஃபில்டர் செருகும் சட்டம் 20-க்கு 25 அங்குலம். நான் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது 20-க்கு 24. முதல் முறை கடையில் கொடுத்ததையே நாலு வருடமாக வாங்குகிறேன். அந்த ஒரு அங்குல இடைவெளி வழியாகத்தான் எல்லாம் போயிருக்கிறது. இடைவெளிக்கு நேர் எதிரே காயிலில் தூசி ரொம்பத் தடிமன்.

ரெஞ்சுக்காரர்:
அம்மா, காரணம் கிடைத்துவிட்டது. காற்று எப்போதும் லேசான வழியைத்தான் தேடும். ஃபில்டரில் சிரமப்பட்டு நுழைவதைவிட ஒரு அங்குலச் சந்து அதற்குச் சுலபம்.

காயிலை நீங்களே கழுவ வேண்டாம். தகடுகள் கை பட்டாலே மடங்கும், வேகமாகத் தண்ணீர் அடித்தால் மொத்தமும் சாய்ந்துவிடும். காயில் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும் வைத்து வேலை செய்கிற ஆளைக் கூப்பிடுங்கள். காற்றைத் தள்ளும் புளோயர் சக்கரத்தையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், அதன் இதழ்களிலும் இதே கம்பளி இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று. இரண்டு முறை ஏற்றிய கேஸ் உள்ளேதான் இருக்கிறது. காயில் சுத்தமாகிக் காற்று சரியாக ஓடத் தொடங்கியதும் அந்த அதிகக் கேஸ் கம்ப்ரஸரை வாட்டும். இருப்பதை முழுக்க சிலிண்டரில் இறக்கி, எடை போட்டு, வெளி யூனிட் தகட்டில் அச்சடித்திருக்கும் அளவும் குழாய் நீளத்துக்குக் கூட வேண்டியதும் மட்டும் திரும்ப ஏற்ற வேண்டும். தராசு இல்லாமல் வருகிறவரை இந்த வேலைக்குச் சேர்க்காதீர்கள். கேஸைக் காற்றில் திறந்துவிடுவதையும் அனுமதிக்காதீர்கள். இது முடியும்வரை கூலைப் போட வேண்டாம். உறைந்த காயிலிலிருந்து கேஸ் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பினால் அது உடைந்துவிடும். அதுவரை அப்பாவைக் கீழே படுக்க வையுங்கள்.

நீலவானம்:
தூசியெல்லாம் கழுவும்போது, காயிலில் வழியும் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய்க்குள்தான் போகும். எங்கள் வீட்டில் அடைத்துக்கொண்டு, காயிலுக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் ஏறி, மிதவை சுவிட்ச் மெஷினையே நிறுத்திவிட்டது. கழுவி முடிந்ததும் தட்டில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, வெளியே குழாய் முனையில் வருகிறதா என்று பாருங்கள்.

மாடியறை:
நேற்று வேறு ஒருவர் தராசோடு வந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தார். இறக்கிய கேஸ் 3.4 கிலோ. குழாய் நீளத்தையும் சேர்த்து இருக்க வேண்டியது 2.7 கிலோ என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நீலவானம் சொன்னபடியே ட்ரெயின் அடைத்துக்கொண்டது, அதையும் உறிஞ்சி எடுத்தார். இன்று காலை ரிட்டர்ன் 27, சப்ளை 17. மதியம் மூன்று மணிக்கு 26, 16. செம்புக் குழாயில் பனி இல்லை, வேர்த்து மட்டும் இருக்கிறது. அப்பா மாடிக்குப் போய்விட்டார், நாலு மணிக்கு ஃபேனைக் குறைக்கச் சொன்னார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை, ஐயா. ஒரே ஒரு சந்தேகம். 20-க்கு 25 ஃபில்டரில் நெருக்கமாக நெய்த ரகம் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குத் தூசி ஆகாது, அதைப் போடலாமா?

ரெஞ்சுக்காரர்:
ஒரு அங்குலத் தடிமனில் அந்த ரகத்தைப் போட்டால் மறுபடி காற்று தடைபடும். இப்போதைக்குச் சாதாரண ரகத்தையே போடுங்கள், அம்பு அடையாளம் மெஷின் பக்கம் பார்க்கட்டும். நெருக்கமானதுதான் வேண்டும் என்றால் நாலு அங்குல ஃபில்டர் பிடிக்கிற சட்டம் பொருத்திக்கொள்ளலாம். போட்ட அன்றே 27-க்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதி வையுங்கள்.